ஓட முன் காலைப் பலப்படுத்துவோம்

விளையாட்டு விழா என்றால் பிள்ளைகளின் ஓட்டங்கள் முடிந்த பின் பெற்றோருக்கான ஓட்டம் ஒன்றும் இருக்கும். ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும், ஊரில் இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடிய நினைவோடு நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் கோட்டில் வந்து நிற்பார்கள். முதல் ஐம்பது மீற்றர் நன்றாகத்தான் போகும். அதன் பின் யாராவது ஒருவர் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓரத்துக்கு வருவார். சுற்றி நிற்பவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார். ஆனால் அடுத்த நாள் குசினியில் பத்து மணித்தியாலம் நிற்க வேண்டியவர் அவர்தான். மருத்துவ விடுப்பு எடுத்தாலும், பொதுவாக நான்காம் நாளில் இருந்துதான் காப்புறுதிப் பணம் வரும்.

என்னுடைய கதையும் அதைப் போன்றதுதான். இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்று குடும்ப வைத்தியர் சொன்னார். ஒரு சோடி சப்பாத்து வாங்கி, வில்லியே லே பெல்லில் இருந்து எக்குவன் காட்டுப் பக்கம் ஓடத் தொடங்கினேன். உற்சாகத்தில் ஒவ்வொரு கிழமையும் தூரத்தைக் கூட்டினேன். ஆறாம் கிழமை முழங்காலில் நோ தொடங்கியது. படி இறங்க முடியவில்லை. ஓட்டத்தை விட்டேன். சில மாதத்தில் சீனி மறுபடியும் ஏறியது. இறுதியில் ‘கினே’ என்று நாம் இங்கே சொல்லும் இயன்மருத்துவரிடம் போனபோது, அவர் என்னை ஒற்றைக் காலில் மெதுவாகக் குந்தச் சொன்னார். என் முழங்கால் உள்ளே மடிந்து, இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. “முழங்காலில் பிழை இல்லை. அதைத் தாங்க வேண்டிய தொடைக்கும் இடுப்புக்கும் பலம் காணாது” என்றார்.

நான் வைத்தியன் அல்ல. அன்று தொடங்கிக் கேட்டும் வாசித்தும் செய்தும் அறிந்ததை, இனி ஓடத் தொடங்க நினைக்கும் எம்மவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஓடினால் முழங்கால் தேயுமா?

எம்மவர் மத்தியில் இந்தப் பயம் நிறைய உண்டு. 2017 இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தது. இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு, ஓடாமல் இருப்பவர்களில் 10.2 வீதமானோருக்கும், உடல்நலத்துக்காக அளவாக ஓடுபவர்களில் 3.5 வீதமானோருக்கும் காணப்பட்டது. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடியவர்களில் மட்டும் இது 13.3 வீதமாக இருந்தது. அளவாக ஓடுபவர்கள் நிறை குறைந்தவர்களாகவும் இருப்பார்கள் என்பதால் எல்லாப் புகழும் ஓட்டத்துக்கே என்று சொல்ல முடியாது. ஆனாலும் அளவான ஓட்டம் மூட்டைத் தேய்த்துவிடும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் நோ ஏன் வருகிறது? ஒரு கணக்கைப் பாருங்கள். மெதுவாக ஓடுபவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 160 அடி வைக்கிறார். ஐந்து கிலோ மீற்றரை 35 நிமிடத்தில் ஓடினால் 5600 அடிகள். ஒவ்வொரு முறையும் பாதம் நிலத்தில் படும்போது உடல் நிறையின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. 75 கிலோ நிறை உள்ளவருக்கு அது 150 முதல் 225 கிலோ வரை. இதை ஒரு கால் மட்டும், அந்த ஒரு கணத்தில் தாங்க வேண்டும். கெண்டைக்காலும் தொடையும் இடுப்பும் பலமாக இருந்தால் அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். அவை களைத்துவிட்டால் முழங்கால் மூட்டும், குதிக்கால் நாணும், முன்னங்கால் எலும்பும், பாதத்தின் அடிச்சவ்வும் தமக்கு உரியதை விடக் கூடுதலாகச் சுமக்கின்றன. ஓட்டக்காரருக்கு வரும் நோக்களில் பெரும்பாலானவை இப்படிச் சிறிது சிறிதாகச் சேர்ந்து வருபவை. விழுந்து அடிபட்டு வருபவை குறைவு.

“நாள் முழுக்க நிற்கிறேனே, அது காணாதா?”

இதை நானும் கினேயிடம் கேட்டேன். றெஸ்ரோறன்டில் நிற்கிறோம், பெட்டி தூக்குகிறோம், லாச்சப்பல் கடைகளில் மூட்டை இறக்குகிறோம், கார் டு நோர் படிகளில் ஏறி இறங்குகிறோம். இதைவிட என்ன பயிற்சி?

தசை ஒன்று பலம் பெறுவதற்கு, அது பழகிய சுமையைவிடக் கொஞ்சம் கூடுதலான சுமை வேண்டும், பிறகு ஓய்வும் வேண்டும். வேலையில் இரண்டுமே கிடைப்பதில்லை. பத்து வருடமாக ஒரே அளவு நிற்கும் காலுக்கு, அந்த நிலை களைப்பைத் தரும், புதிய பலத்தைத் தராது. ஓய்வும் இன்றி அடுத்த நாளும் அதே வேலை. ஊரில் துலா மிதித்தவர்களும், வயலில் குந்தி இருந்து களை பிடுங்கியவர்களும், நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து எழும்பியவர்களும் இடுப்பையும் தொடையையும் முழு அளவில் மடித்து நீட்டினார்கள். இங்கே கதிரையும் தொடருந்து இருக்கையும்தான் எமக்கு. அத்தோடு முப்பது வயதுகளில் இருந்தே தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. தெற்காசியருக்கு அதே உயரமும் நிறையும் உள்ள ஐரோப்பியரை விடத் தசை குறைவாகவும் கொழுப்புக் கூடுதலாகவும் இருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டது. சாப்பிட்ட சீனியில் பெரும் பங்கைத் தசைதான் எடுத்துக்கொள்கிறது. எனவே நீரிழிவுப் பயம் உள்ள எமக்கு, தசைப் பயிற்சியால் ஓட்டத்துக்கும் அப்பால் ஒரு பயன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலும், பெரியவர்கள் கிழமைக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது.

ஆய்வுகள் சொல்வது

2014 இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 25 ஆய்வுகளை, 26,610 பேரின் தரவுகளை ஒன்றாக ஆராய்ந்தார்கள். பலப் பயிற்சி செய்தவர்களில் விளையாட்டுக் காயங்கள் மூன்றில் ஒன்றுக்கும் கீழே குறைந்திருந்தன. ஓடுவதற்கு முன் தசையை இழுத்து நீட்டும் பயிற்சியால் மட்டும் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த 25 ஆய்வுகளில் பல, உதைபந்தாட்டக்காரரையும் படைவீரரையும் வைத்துச் செய்யப்பட்டவை. ஓட்டக்காரரை மட்டும் எடுத்தால் முடிவுகள் அவ்வளவு ஒரே மாதிரி இல்லை. பயிற்சிக் கடதாசியைக் கொடுத்துவிட்டு வீட்டில் செய்யுங்கள் என்று விட்ட ஆய்வுகளில் பயன் குறைவு. ஒருவர் கூட இருந்து கவனித்த ஆய்வுகளில் பயன் தெரிந்தது.

அப்படி ஒன்று 2024 இல் பின்லாந்தில் இருந்து வந்தது. புதிதாக ஓடத் தொடங்கிய 325 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 24 கிழமைகள் பார்த்தார்கள். இடுப்பையும் வயிறு, நாரிப் பகுதியையும் பலப்படுத்திய குழுவில், மற்றக் குழுவைவிட மிகைப்பாவனைக் காயங்கள் சராசரியாக 39 வீதம் குறைவு. என் கினே முழங்காலை விட்டு இடுப்பைப் பார்த்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொரு சம்பவம் வைத்தியர்கள் மத்தியில் அடிக்கடி சொல்லப்படுவது. சுவீடனில் எலும்பியல் வைத்தியரான ஹாக்கன் அல்பிரட்சன் தானும் ஓடுபவர். அவருக்குக் குதிக்கால் நாணில் தீராத நோ. சத்திரசிகிச்சை செய்ய மேலதிகாரி இணங்கவில்லை. நோவைக் கூட்டினால் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைத்து, படியின் விளிம்பில் நின்று குதியைக் கீழே இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தாராம். நோ கூடாமல் குறைந்துவிட்டது. அதன் பின் அவரும் சக வைத்தியர்களும் 15 பேருக்கு அதே பயிற்சியை 12 கிழமைகள் கொடுத்து, அவர்கள் எல்லோரும் ஓட்டத்துக்குத் திரும்பியதை 1998 இல் வெளியிட்டார்கள். குதிக்கால் நாண் நோவுக்கு இன்றும் கினேக்கள் கொடுக்கும் பயிற்சிகளில் அதுவும் ஒன்று.

வீட்டில் செய்யக்கூடிய ஆறு பயிற்சிகள்

ஜிம்முக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஒரு கதிரை, ஒரு படி, ஒரு பாய் போதும். முதலில் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள்.

1. குந்தி எழும்புதல். பிள்ளையார் கோவிலில் போடும் தோப்புக்கரணம்தான் இது, காதைப் பிடிக்கத் தேவையில்லை. பின்னால் ஒரு கதிரையை வைத்து, அதில் இருக்கப் போவது போல மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்கி, பட்டும் படாமலும் எழும்புங்கள். முழங்கால் உள்ளே மடியாமல், பாதத்தின் நேரே இருக்க வேண்டும்.

2. குதி உயர்த்தல். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதியை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். ஒரு முறை முழங்காலை நீட்டியும், இன்னொரு முறை சற்று மடித்தும் செய்யுங்கள். கெண்டைக்காலின் இரு தசைகளுக்கும் அப்போதுதான் வேலை கிடைக்கும்.

3. படி ஏறி இறங்கல். ஒரு காலைப் படியில் வைத்து, அந்தக் காலின் பலத்தால் மட்டும் ஏறி, மெதுவாக இறங்குங்கள். கீழே நிற்கும் கால் உந்தக் கூடாது.

4. இடுப்பு உயர்த்தல். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்களை ஊன்றி இடுப்பை உயர்த்துங்கள். பழகிய பின் ஒரு காலை நீட்டிக்கொண்டு மற்றக் காலால் மட்டும் செய்யலாம்.

5. பக்கவாட்டில் கால் உயர்த்தல். ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நேராக, சற்றுப் பின்னோக்கி உயர்த்தி இறக்குங்கள். ஓடும்போது இடுப்பு சரியாமல் பிடிக்கும் தசை இதுதான்.

6. பலகை நிலை. முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பலகை போல நேராக வைத்திருங்கள். முதலில் 20 விநாடி போதும். கடினமாக இருந்தால் முழங்காலை ஊன்றலாம். நாரி வளைந்து தொங்கக் கூடாது.

முதல் ஐந்தையும் ஒவ்வொரு பக்கமும் 8 முதல் 12 தடவை செய்து, ஒரு நிமிடம் ஆறி, மறுபடியும் செய்யுங்கள். இரண்டு சுற்றில் தொடங்கி, சில கிழமையில் மூன்று சுற்றுக்கு வாருங்கள். கடைசி இரண்டு மூன்று தடவை கடினமாக இருந்தால் சுமை சரி. பன்னிரண்டும் இலேசாக முடிந்தால் சுமையைக் கூட்ட வேண்டும். இதற்கு நான் லாச்சப்பலில் வாங்கும் ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகுப் பையில் போட்டுக்கொள்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

கிழமைக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. ஒரு தடவைக்கு 20 முதல் 25 நிமிடம் ஆகும். முதல் இரண்டு கிழமை தசை உளைவு இருக்கும், அது வழமையானது. தசை ஆறு, எட்டுக் கிழமையில் பலம் பெறும். நாண்களுக்கு மூன்று மாதம் வரை வேண்டும். இதனால்தான் விளையாட்டு விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தொடங்குவது பயன் தராது.

தூரத்தைக் கூட்டும்போது

பலம் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும். 2025 இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 5205 ஓட்டக்காரரின் ஓட்டப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு எனக்கு நன்றாகப் பொருந்துகிறது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட, ஒரே ஓட்டத்தில் 10 வீதத்துக்கு மேல் கூட்டியவர்களுக்கு மிகைப்பாவனைக் காயம் வரும் ஆபத்துக் கூடியது. தூரத்தை இரட்டிப்புக்கும் மேலாக்கியவர்களுக்கு அது இரண்டு மடங்கையும் தாண்டியது. ஐந்து கிலோ மீற்றர் ஓடியவர் அடுத்து ஐந்தரை ஓடலாம், எட்டு ஓடக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, அதைப் பத்துத் தடவை செய்யுங்கள். கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம் போதும். எக்குவன் காட்டிலோ லா கூர்நெவ் பூங்காவிலோ ஓடலாம். லாச்சப்பலில் இருப்பவர்களுக்கு வில்லெத் கால்வாய்க் கரை பக்கத்தில்தான். ஏற்ற இறக்கம் உள்ள இடத்தை முதல் மாதங்களுக்குத் தவிருங்கள்.

நாற்பதைக் கடந்தவர்கள், நீரிழிவு, பிறெசர், இருதய நோய் உள்ளவர்கள் முதலில் குடும்ப வைத்தியரைக் காணுங்கள். பிரான்சில் 2024 முதல் வீதி ஓட்டப் போட்டிகளுக்குப் பெரியவர்களிடம் வைத்தியச் சான்றிதழ் கேட்பதில்லை, இணையத்தில் ஒரு சுகாதார வழிகாட்டலை முடித்தால் போதும். சான்றிதழ் கேட்கவில்லை என்பதற்காக வைத்தியரிடம் போகாமல் விடாதீர்கள். இன்சுலினோ, சீனியைத் தாழ்த்தக்கூடிய குளிசையோ எடுப்பவர்கள் ஓடும்போது சீனி இறங்கக்கூடும். வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு, சட்டைப் பையில் சீனிக் கட்டி வைத்திருங்கள். ஓடி வந்ததும் பாதங்களில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நோ வந்தால்

நோவுக்குப் பூச்சியம் முதல் பத்து வரை புள்ளி கொடுங்கள். மூன்றுக்குள் இருந்து, அடுத்த நாள் காலைக்குள் அடங்கினால் பயிற்சியைத் தொடரலாம். அதற்கு மேல் போனால், அல்லது நொண்ட வைத்தால், ஓட்டத்தைக் குறையுங்கள். நோக்குளிசை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். எலும்பில் ஒரு விரல் நுனியால் காட்டக்கூடிய இடத்தில் நோ, அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் நோ என்றால், எலும்பில் நுண்ணிய வெடிப்பு இருக்கலாம். ஓடாமல் வைத்தியரிடம் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்கட்டியாக இருக்கக்கூடும், அன்றே காட்டுங்கள். ஓடும்போது நெஞ்சு நோ, மயக்கம், வழமைக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் உடனே நின்று 15 ஐ அழையுங்கள். கினேயிடம் போகக் குடும்ப வைத்தியரின் கடிதம் வாங்கிக்கொண்டால் செலவு பொதுவாகக் காப்புறுதியில் திரும்பக் கிடைக்கும்.

பெண்களும் பிள்ளைகளும்

பிள்ளை பெற்ற தாய்மார் ஓடத் தொடங்கக் குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள். பிரசவத்துக்குப் பின் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சி வகுப்புகளை இங்கே காப்புறுதி முழுமையாகப் பொறுப்பேற்கிறது. வெட்கப்பட்டு அதை விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பின் எலும்பு மெலியும் என்பதால், பெண்களுக்குச் சுமையோடு செய்யும் பயிற்சி கூடுதலான பயன் தரும். எமது நிறத் தோலுக்குப் பாரிஸ் வெயில் காணாது. குளிர்காலத்தில் விற்றமின் டி பற்றியும், களைப்பு இருந்தால் இரும்புச்சத்துப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள்.

பலப் பயிற்சி செய்தால் பிள்ளை வளராது என்பது பிழையான கதை. சொந்த உடல் நிறையோடு, சரியான முறையில், ஒருவர் பார்த்திருக்கச் செய்தால் போதும். எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை குதிக்கால் நோகிறது, முழங்காலுக்குக் கீழே நோகிறது என்று சொன்னால் சாட்டுச் சொல்கிறது என்று நினைக்காதீர்கள். வளரும் எலும்பில் நாண் இழுப்பதால் வரும் நோ அது. பயிற்சியைக் குறைத்தால் மாறும். போட்டிக்காக வற்புறுத்தினால் நீடிக்கும்.

சாப்பாடும் நித்திரையும்

தசை வளரப் புரதம் வேண்டும். பயிற்சி செய்பவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 கிராம் அளவில் நல்லது, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்க வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம், 100 கிராம் வேகாத பருப்பில் 24 கிராம் வரை உண்டு. எமது கோப்பையில் சோறு மலையாகவும் கறி ஓரத்திலும் இருக்கும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து பருப்பையும் மீனையும் கடலையையும் கூட்டினால், விலை கூடிய புரதமாவு தேவையில்லை. இரவு வேலை முடிந்து கடைசித் தொடருந்தில் வந்து நான்கு மணித்தியாலம் நித்திரை கொண்டவர் அன்று நீண்ட தூரம் ஓட வேண்டாம். காயம் ஆறுவதும் தசை வளர்வதும் நித்திரையிலும் ஓய்விலும்தான்.

முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மாவைப் பலர் அறிந்திருப்பீர்கள். எழுபது வயதைக் கடந்த அவர், 2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் ஓட்டத்திலும் விரைவு நடையிலும் தங்கப் பதக்கங்கள் வென்றார். எங்களுக்குப் பதக்கம் வேண்டாம். படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடாமல், சீனிக் குளிசை கூடாமல், பேரப்பிள்ளையைத் தூக்கக்கூடிய உடம்பு இருந்தால் போதும்.

நான் இப்போது கிழமைக்கு மூன்று நாள் ஓடுகிறேன். ஒவ்வொரு தடவையும் ஆறு கிலோ மீற்றர், அதற்கு மேல் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் வேலைக்குப் போக முன் அரிசிப் பையோடு பயிற்சி. மனைவியும் சேர்ந்து செய்கிறார். முழங்கால் நோ வருடம் ஒன்றுக்கு மேலாக இல்லை. கடைசிப் பரிசோதனையில் சீனியும் இறங்கி இருந்தது. அடுத்த விளையாட்டு விழாவில் பெற்றோர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள், இன்று பின்னேரமே கதிரையை இழுத்து வைத்துப் பத்துத் தடவை குந்தி எழும்பிப் பாருங்கள்.